ஏற்றத்தில் இழுவை குறைந்த காருக்கு இஎல்எம்327 ஸ்கேனர்: எதைச் சொல்லும், எங்கே கைவிடும்

சமதளத்தில் எண்பதில் சத்தமில்லாமல் ஓடும் கார், மேடு வந்ததும் மூச்சு வாங்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் சத்தம்தான் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. இந்தப் புகாரோடு வண்டியைப் பட்டறையில் விட்டால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், பிளக், ஃபியூயல் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பார்கள். எதை மாற்றியதால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. பல நேரம் சரியாவதும் இல்லை.

இந்த ஒரு புகாரை மட்டும் வைத்து, எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் போனில் காட்டும், உள்ளங்கையில் அடங்கும் மலிவான இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரை இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எஞ்சின் விளக்கு எரிந்தால் கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) படிக்க மட்டும் என்று வாங்கினால் இதன் பலனில் பாதிகூடக் கிடைக்காது. வண்டி ஏற்றத்தில் ஏறும்போதே ஆறேழு அளவுகளைப் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து படித்தால், கோளாறு காற்றிலா, பெட்ரோலிலா, புகைவழியிலா, கிளட்சிலா என்று பிரித்துக் காட்டிவிடும். அதற்குப் பிறகு வேலை ஸ்பேனருக்குத்தான்.

கருவியும் அதன் போலிகளும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஓபிடி (கோளாறு கண்டறியும்) சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004 முதலும் இது கட்டாயம். அடாப்டர் அதில் செருகிக்கொண்டு 16ஆம் பின்னிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டு, பதிலை புளூடூத் வழியாக போனுக்கு அனுப்பும். டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகள் அதை எண்ணாகவும் வரைகோடாகவும் காட்டும்.

இஎல்எம்327 என்பது உண்மையில் ஒரு சிப்பின் பெயர். கனடாவின் இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. அதன் முதல் பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடப்படவில்லை, அதிலிருந்து கிளம்பியவைதான் சந்தையில் இருக்கும் பெரும்பாலான நகல்கள். பெட்டியில் ‘வி1.5’ என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. ‘வி2.1’ என்று சொல்லிக்கொள்ளும் பல நகல்களும் அந்தப் பதிப்பின் கட்டளைகள் பலவற்றுக்குப் பதில் தருவதில்லை. எத்தனை கட்டளைக்குப் பதில் வருகிறது என்று எண்ணிச் சொல்லும் இலவசச் செயலிகள் உண்டு. வாங்கியதும் முதல் வேலையாக அதை ஓட்டிப் பாருங்கள். குறைவாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

நகல் என்றாலே வீண் என்று அர்த்தமில்லை. கேன் பஸ் (புதிய கார்களின் உள்ளிணைப்பு முறை) உள்ள கார்களில் நல்ல நகல் போதுமானது. கே-லைன் என்ற பழைய இணைப்பு முறை உள்ள கார்களில்தான் சிக்கல். சில நகல்களில் அந்த இணைப்புக்கான பாகமே உள்ளே இருக்காது. இருந்தாலும் நொடிக்கு மூன்று நான்கு அளவுகளுக்கு மேல் வராது. எஸ்டிஎன் என்ற வேறு சிப் கொண்ட ஓபிடிலிங்க் போன்றவை வேகமாகவும் இணைப்பு அறுபடாமலும் வேலை செய்யும். இந்த வேலையை அடிக்கடி செய்பவர் அதையே எடுப்பது சரி. ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் எல்இ அல்லது வைஃபை வகை பார்த்து வாங்க வேண்டும், பழைய புளூடூத் வகை ஐபோனில் இணையாது.

மேடு ஏன் உண்மையைச் சொல்ல வைக்கிறது

1200 கிலோ எடையுள்ள கார் சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போக 2 முதல் 3 கிலோவாட் போதும். அதே வேகத்தில் 10-க்கு 1 சரிவில் ஏற, வண்டியின் எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே இன்னும் 13 கிலோவாட் வேண்டும். ஆறேழு மடங்கு. பாதி அடைத்த ஃபியூயல் ஃபில்டரும், களைத்த பம்பும், உள்ளே உருகிய கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (புகைவழியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சமதளத் தேவைக்குச் சமாளித்துவிடும். மேட்டில்தான் பிடிபடும். பட்டறையில் நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவது இதனால்தான். நின்ற இடத்தில் எஞ்சினுக்குச் சுமையே கிடையாது.

கோளாறு அல்லாத இழப்பும் ஒன்று உண்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின், உயரம் 1000 மீட்டர் கூடும்போது சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கும். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் 1000 மீட்டரில் 90, 2000 மீட்டரில் 80 அளவுக்கு இறங்கிவிடும். 2000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது. அடிவார மேட்டிலேயே திணறினால் அது கோளாறு.

பதிவு செய்யும் முறை

முதலில் கோடுகள். உறுதியானவை மட்டுமல்ல, நிலுவையில் இருப்பவையும் பாருங்கள். விளக்கு எரியாவிட்டாலும் நிலுவைக் கோடு இருக்கலாம். கோடு விழுந்த நொடியின் படமான ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சுமை, எவ்வளவு சூடு. அவசரப்பட்டு ‘கிளியர்’ பொத்தானை அழுத்த வேண்டாம். அது ஃப்ரீஸ் ஃப்ரேமையும் அழித்துவிடும், பெரும்பாலான கார்களில் எஞ்சின் கற்று வைத்த ஃபியூயல் டிரிமையும் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தச் சதவீதம்) சுழியமாக்கிவிடும். நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வைத்தியம் ஆரம்பிப்பது போன்றது அது.

அடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மேப் சென்சார் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு குழாய்க்குள் உள்ள அழுத்தத்தை அளப்பது) அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடலோரத்தில் 101 பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 90 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, மேலே போக வேண்டியதில்லை. அதே நிலையில் ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தரைவரை மிதித்து பெடல் அளவைக் கவனியுங்கள். இடையில் குதிக்காமல், விழாமல், ஒரே சீராக ஏற வேண்டும். த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் தகடு) முழுக்கத் திறந்தாலும் பல கார்களில் 100 காட்டாது, 75 முதல் 85 வரையில் நின்றுவிடும். அது அந்த அளவு கணக்கிடப்படும் விதம், பயப்பட வேண்டாம்.

பதிவுக்கு எடுக்க வேண்டியவை: ஆர்பிஎம், வேகம், மேப் அல்லது காற்றோட்டம் (மாஸ் ஏர் ஃப்ளோ), கேட்டலிடிக்குக்கு முந்தைய ஆக்சிஜன் சென்சார், லாங் டெர்ம் டிரிம் (கற்று வைத்த திருத்தம்), ஷார்ட் டெர்ம் டிரிம் (அந்தந்த நொடியின் திருத்தம்), த்ராட்டில். இவ்வளவுதான். செயலியில் இருபது டயல்களை அடுக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கோளாறு அந்த இடைவெளியில் நழுவிவிடும். கே-லைன் காரில் ஒரு ஓட்டத்துக்கு மூன்று அளவு எடுத்து, இன்னொரு ஓட்டத்தில் மீதியை எடுங்கள். செயலி காட்டும் குதிரைசக்தி, முறுக்கு விசை டயல்களை நம்ப வேண்டாம், அவை கணக்குப் போட்டுச் சொல்லும் ஊகம். மேப் சென்சார் மட்டுமே உள்ள கார்களில் சில செயலிகள் காட்டும் ‘காற்றோட்டமும்’ அப்படிப்பட்ட ஊகம்தான்.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபிறகு, போக்குவரத்து இல்லாத சீரான மேட்டில், இரண்டாவது கியரில் 2000-லிருந்து 4500 ஆர்பிஎம் வரை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்ட வேண்டும். ஏசி அணைந்திருக்கட்டும். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும்; குறைவாக இருந்தால் சரிவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும், அது வேறு கோளாறு போல ஏமாற்றும். ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. பதிவு தானாக ஓடட்டும், நிறுத்திய பிறகு படிக்கலாம்.

காற்று வரவில்லையா, போகவில்லையா

இந்தக் கருவி தன் விலைக்கு மேல் வேலை செய்யும் இடம் இதுதான். முழு த்ராட்டிலில் மேப் அளவு, வெளிக் காற்றழுத்தத்துக்கு 3 முதல் 5 கிலோபாஸ்கலுக்குள் வந்துவிட வேண்டும். வெளியே 100 என்றால் உள்ளே 95-க்கு மேல். ஆர்பிஎம் ஏற ஏற அது 90, 85 என்று இறங்கினால், மேனிஃபோல்டுக்கு முன்னால் ஏதோ வழி மறிக்கிறது. அடைத்த ஏர் ஃபில்டர், உள்பக்கம் மடங்கி உறிஞ்சப்படும் ரப்பர் குழாய், ஃபில்டர் பெட்டிக்குள் எலி கட்டிய கூடு, முழுக்கத் திறக்காத த்ராட்டில், இவற்றில் ஒன்று. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு சிறு ஓட்டம் ஓட்டினால் தெரிந்துவிடும், அதற்கு மேல் ஃபில்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடலாம். ஏர் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் ‘ரிச்’ ஆகும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்ஜெக்ஷன் வண்டியில் வந்த காற்றை அளந்துதான் பெட்ரோல் விடுகிறது. சக்தி குறையும், டிரிம் அப்படியே இருக்கும்.

பெடல் 100 காட்டும்போது கம்ப்யூட்டர் த்ராட்டிலை 40-க்கு மேல் திறக்க விடவில்லை என்றால் கதை வேறு. அப்போது சக்தியைக் குறைப்பது கம்ப்யூட்டரே, வேண்டுமென்றே. சூடு, கியர்பாக்ஸ் கோளாறு, டிராக்ஷன் கண்ட்ரோல் என்று காரணம் தேட வேண்டும். இந்தச் சமயத்தில் ஃபில்டரை மாற்றுவது காசுக்குக் கேடு.

இப்போது மேப் சரியாக 96-ல் நிற்கிறது, ஆனாலும் இழுவை இல்லை. மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றின் எடையை அளப்பது) உள்ள காரில் ஒரு சின்னக் கணக்கு போதும். எஞ்சின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கி 120-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று போக முடியும் என்று கிடைக்கும். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு 3000 ஆர்பிஎம்மில் 30 லிட்டர். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.18 கிராம், ஆக 35 கிராம். நல்ல எஞ்சின் அதில் 80 முதல் 90 சதவீதம் நிரப்பும், அதாவது நொடிக்கு 30 கிராம் பக்கம் காட்ட வேண்டும். 2000 மீட்டர் உயரத்தில் அதே எஞ்சின் 24, 25 காட்டினால் குறையில்லை.

அடிவாரத்திலேயே 30-க்குப் பதில் 20 காட்டுகிறதா? இரண்டு வாய்ப்பு. காற்று வருகிறது, சென்சார் குறைத்துச் சொல்கிறது. அல்லது சென்சார் நிஜத்தைச் சொல்கிறது, காற்றுதான் வரவில்லை. இதைப் பிரித்துக் கொடுப்பது டிரிம். லாங் டெர்மும் ஷார்ட் டெர்மும் சேர்ந்து, பாதி ஆக்சிலரேட்டர் சுமையில் கூட்டல் 15, 20 என்று ஏறியிருந்தால் சென்சார் பொய் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே உள்ள மாஸ் ஏர் ஃப்ளோ கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்கவும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் கூடாது. கம்பியை விரலாலோ துணியாலோ தொடக் கூடாது. கால் மணி நேரம் காய்ந்த பிறகு மாட்டவும். எண்ணெய் பூசிய ஃபில்டர் போட்ட வண்டிகளில் இந்த அழுக்கு திரும்பத் திரும்ப வரும்.

டிரிம் சுழியத்துக்கு அருகிலேயே இருக்கிறது, காற்று 20 கிராம்தான், மேப் சரி என்றால் உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை, அல்லது வால்வுகள் நேரம் தவறித் திறக்கின்றன. முதல் சந்தேகம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேல். மேப் மட்டும் உள்ள கார்களில் இதன் அடையாளம் மாறும். அங்கே கம்ப்யூட்டர் காற்றை அளப்பதில்லை, அழுத்தத்தை வைத்து ஊகிக்கிறது. எரிந்த புகை வெளியேறாமல் சிலிண்டரில் தங்கிவிடுவதால், ஊகித்த அளவு புதுக் காற்று உள்ளே நுழைந்திருக்காது. பெட்ரோல் கூடிப்போய் டிரிம் கழித்தலில் இறங்கும்.

நின்ற இடத்திலும் ஒரு சோதனை உண்டு. ஐட்லிங்கில் மேப் 25 முதல் 40 வரை இருக்கும். 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் சீராகப் பிடியுங்கள். நல்ல வண்டியில் மேப் ஓரிடத்தில் நிற்கும். அடைத்த வண்டியில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊர்ந்துகொண்டே போகும், ஆர்பிஎம்மைப் பிடித்து வைக்கக் கூடுதலாக மிதிக்க வேண்டிவரும்.

ஸ்கேனரை வைத்து கேட்டலிடிக்கைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம், விலை அதிகமான பாகம் அது. எஞ்சின் ஆறியபின் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் எம்18×1.5 மரை கொண்ட அடாப்டரோடு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐட்லிங்கில் 0.1 பாருக்குள்ளும், 2500-ல் 0.2 பாருக்குள்ளும் இருந்தால் புகைவழி சுத்தம். அதற்கு மேல் போனால் அடைப்பு உறுதி. ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பது, உள்ளே தேன்கூடு போல இருக்கும் கல் உடைந்ததன் அடையாளம். உடைந்த துண்டு பின்னால் உள்ள சைலென்சரையும் அடைத்திருக்கலாம்.

கேட்டலிடிக் தானாக அடைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து கல்லை உருக்குகிறது, அல்லது எஞ்சின் ஆயில் எரிந்து படிகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது போட்டால் புதிதும் அதே வழியில் போகும்.

புகைவழி சுத்தம், காற்று மட்டும் குறைவு என்றால் டைமிங் செயின் நீட்சி, ஒரு பல் தள்ளி மாட்டிய பெல்ட், சிக்கிக்கொண்ட விவிடி (வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு) என்று பார்க்க வேண்டும். பி0016 கோடு இருந்தால் இந்தப் பக்கம்தான். கம்ப்ரஷன் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். சிலிண்டர்களுக்கு இடையில் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது.

பெட்ரோல் போதவில்லை என்றால்

முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் ஓபன் லூப்புக்குப் போய்விடும், ஷார்ட் டெர்ம் டிரிம் திருத்துவதை நிறுத்திவிடும். அப்போது அதைப் பார்த்துப் பயனில்லை. ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். சாதாரண வகை சென்சார் முழுச் சுமையில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் 0.85 காட்டி, 3500-ஐத் தாண்டியதும் 0.2-க்குக் கீழே விழுந்தால் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கிறது. வைட்பேண்ட் சென்சார் என்றால் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவை அளவு, 1-க்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 0.85 முதல் 0.95-க்குள் இருக்க வேண்டும், சுமையில் 1-ஐத் தாண்டக் கூடாது.

டிரிம்முக்கான வேலை பாதி ஆக்சிலரேட்டரில். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து 2500-ல் இறங்கினால் வேக்கம் லீக் (அளக்கப்படாத காற்று கசிந்து உள்ளே வருவது), மேட்டுப் பிரச்சினைக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமையில் ஏறினால் பெட்ரோல் வரத்தோ காற்றோட்ட சென்சாரோ. இந்த இரண்டையும் மேலே சொன்ன கிராம் கணக்கு பிரித்துவிடும்: கிராம் சரியாக இருந்து கலவை மட்டும் லீன் (பெட்ரோல் குறைவு) ஆனால் பெட்ரோல் வரத்து.

ஆனால் பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு என்று சாதாரண எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) காரில் ஸ்கேனர் சொல்லாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயில் சென்சாரே இருக்காது. கேஜ்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 பார், சரியான எண்ணுக்கு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். முக்கியம் என்னவென்றால் ஐட்லிங் அழுத்தம் எதையும் நிரூபிக்காது, களைத்த பம்பும் ஐட்லிங்கில் முழு அழுத்தம் காட்டும். சுமையில் ஓடும்போதும் பார்க்க வேண்டும், கேஜ் குழாய் வெளியே பத்திரமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். லைனைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். அருகில் நெருப்பு கூடாது, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

பம்ப் மாற்றும் முன் பம்ப் கனெக்டரில் எஞ்சின் ஓடும்போது வோல்ட்டேஜ் பாருங்கள். பம்புக்கு நேரடியாக மின்சாரம் போகும் வண்டிகளில் பேட்டரிக்கும் அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ரிலேயிலோ, எர்த்திலோ, கருகிய கனெக்டரிலோ. புதுப் பம்பும் அதே வயரில் களைத்துத்தான் ஓடும். இழுவை போகும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி சரியாக ஓடுகிறதா? டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

தீப்பொறி

சுமையில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், விரிசல் விட்ட காயிலும் மேட்டில் மட்டும் உதறுவது இதனால். கேன் பஸ் கார்களில் மோட் 06 பக்கத்தில் எந்த சிலிண்டரில் எத்தனை மிஸ்ஃபயர் என்ற எண்ணிக்கை இருக்கும், கோடு விழுவதற்கு முன்பே. எல்லாச் செயலியும் இதை ஒழுங்காகக் காட்டாது, காட்டும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை இரண்டாவது சிலிண்டரில் ஏறினால் அதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மிஸ்ஃபயரும் கூடவே மூன்றுக்குப் போனால் காயில். போகாவிட்டால் பிளக்கை மாற்றி மாட்டிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், கேட்டலிடிக் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிளட்ச்

பலரும் இந்தக் கருவியிடம் கேட்கத் தவறுவது இதை. மேனுவல் காரில் ஒரே கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். மூன்றாவது கியரில் சமதளத்தில் 40-க்கு 2200 ஆர்பிஎம் என்றால் விகிதம் 55. மேட்டில் அதே கியரில், கிளட்சிலிருந்து கால் எடுத்த நிலையில் 40-க்கு 2700 காட்டினால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, கிளட்ச் நழுவுகிறது. பதிவு செய்த கோப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போட்டால் போதும். எஞ்சினைப் பிரிக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டிய கணக்கு இது.

டர்போ வண்டிகளுக்கு

மேப் முழுச் சுமையில் வெளிக் காற்றழுத்தத்தைவிட நன்றாக மேலே போக வேண்டும். 100-லேயே நின்றால் டர்போ காற்று வரவில்லை. பி0299 கோடு பெரும்பாலும் கூட வரும். டர்போவை மாற்றும் முன் இன்டர்கூலர் குழாய்களைப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் கிழிந்து, நிற்கும்போது மூடிக்கொண்டு, சுமையில் மட்டும் வாய் திறக்கும். எண்ணெய்க் கசிவும் தூசி ஒட்டிய கோடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். டீசலில் அடைத்த டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), மூடாத இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு), பழைய டீசல் ஃபில்டர் மூன்றும் இதே புகாரைக் கொடுக்கும். கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கரி அளவு போன்றவை பல மாடல்களில் அந்தந்த நிறுவனத்தின் தனிக் குறியீட்டில்தான் கிடைக்கும். பொதுச் செயலியில் வராது, மலிவு நகலில் பல நேரம் வரவே வராது. டீசல் வண்டிக்கு மட்டும் என்றால் இந்தக் கருவிக்கு நம் மதிப்பெண் பாதிதான்.

கருவிக்குக் கண் தெரியாத இடங்கள்

ஒட்டிக்கொண்ட பிரேக்கை இது காட்டாது. சுமை அதிகம் என்று மட்டும் சொல்லும். சமதளத்தில் நியூட்ரலில் வண்டி சீக்கிரம் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு நான்கு சக்கர டிஸ்க்குகளையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து இடம் வலம் ஒப்பிடுங்கள். அச்சு ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் நன்றாகச் சுட்டால் காலிபர். டயர் காற்று, கம்ப்ரஷன், பெட்ரோலின் தரம் எதுவும் நேரடியாகத் தெரியாது. தரம் குறைந்த பெட்ரோலை டைமிங் அட்வான்ஸ் (பொறி எவ்வளவு முன்னதாக விழுகிறது என்ற அளவு) மூலம் மோப்பம் பிடிக்கலாம்: சுமையில் நாக் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எழும் தட்டல்) வந்து கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நல்ல பெட்ரோல் போட்டு அதே மேட்டில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டால்தான் உறுதி சொல்ல முடியும்.

இன்னொரு குறை, சாக்கெட்டிலேயே விட்டுவிட்டால் பேட்டரியை மெல்லத் தின்னும். பெரும்பாலான நகல்களுக்குத் தூங்கத் தெரியாது. பல நகல்களின் ஜோடி எண் 1234 அல்லது 0000 என்பதால் பக்கத்தில் நிற்பவர் போனும் இணைய முடியும். வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள்.

பாகம் மாற்றிய பிறகு

பழுது பார்த்ததும் இப்போதுதான் கோடுகளை அழிக்கலாம். அழித்த கையோடு ‘டிரிம் சுழியம், எல்லாம் சரி’ என்று முடிவு கட்ட வேண்டாம், அது இன்னும் கற்கவே இல்லை. ஐட்லிங், நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் என்று எல்லாம் கலந்து ஓடிய பிறகு டிரிம் கூட்டல் கழித்தல் 5-க்குள் வந்து உட்கார வேண்டும். 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். பிறகு அதே மேடு, அதே கியர், அதே ஆட்கள் எண்ணிக்கை, முடிந்தால் அதே வெயில். பழைய பதிவையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, 2000-லிருந்து 4000 ஆர்பிஎம் போக எத்தனை நொடி எடுத்தது என்று பாருங்கள். அந்த நொடி குறையாமல் ‘இப்போ நல்லா இழுக்குது’ என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தால், பில் கட்டும் முன் பட்டறையில் அந்த இரண்டு வரைகோடுகளையும் காட்டிப் பேசுங்கள்.